படகுத் தளத்தில் ஒரு திறப்பு

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டு முற்றத்திலேயே பாய்மரப் படகு கட்டுவோர் பலர் உள்ளனர். பிளைவுட் பலகையும் எப்பாக்சிப் பசையும் கொண்டு பல மாதங்கள் உழைத்து, மேல்தளத்தை நீர் புகாமல் மூடுகிறார்கள். பிறகு அதே தளத்தை ரம்பத்தால் அறுத்து ஓட்டை போட வேண்டிய நாள் வருகிறது! உள்ளறைக்கு ஒளியும் காற்றும் வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வழியும் வேண்டும். மூடியுடன் கூடிய இத்திறப்பே 'ஹேட்ச்' எனப்படும்.

ஓட்டையைச் சதுரமாக அறுப்பது எளிது. ஆனால் பௌதிகம் அதை ஏற்பதில்லை. படகு அலைமீது ஏறி இறங்கும்போது மேல்தளம் மாறிமாறி இழுபடுகிறது, அமுங்குகிறது. பலகையில் பரவும் விசையை ஆற்று நீரோட்டம்போல் எண்ணிக்கொள்ளுங்கள். ஓட்டை குறுக்கிட்டால் அது இருபுறமும் ஒதுங்கி, மூலைகளில் நெருங்குகிறது. அகன்ற தகட்டிலுள்ள சிறிய வட்டத் துளையின் விளிம்பிலேயே தகைவு மூன்று மடங்காகிறது. மூலை கூர்மையாக ஆக, இப்பெருக்கம் ஏறிக்கொண்டே போகும். இதை 1913-இல் இங்கிலிஸ் என்னும் பொறியியல் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்களில் சில, குளிர்ந்த கடலில் திடீரென இரண்டாக முறிந்தன. எஃகின் நொறுங்குதன்மையும் பற்றவைப்புக் குறைகளும் இதற்குக் காரணங்களே. ஆயினும் பல பிளவுகள் தொடங்கிய இடம், சரக்குத் திறப்பின் சதுர மூலைதான்.

பிளைவுட் அப்படி நொறுங்காது. ஆனால் மூலையில் மயிரிழை போன்ற பிளவு தோன்றினால் போதும், நீர் நுழைந்து மரத்தை உளுக்கச் செய்யும். எனவே மூலைகளை வளைத்தே அறுக்க வேண்டும். ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வரைந்துகொள்ளலாம். அறுத்தெடுத்த பலகை தாங்கிய விசையை இனி ஏற்க, தளத்தின் அடியில் திறப்பைச் சுற்றித் தடித்த மரச்சட்டம் ஒட்ட வேண்டும். அறுபட்ட விளிம்பிலுள்ள மரநார்களின் முனைகள் நுண்புழைகளாக நீரை உறிஞ்சும். ஆகவே அவற்றில் எப்பாக்சி பூசி அடைப்பது கட்டாயம்.

அடுத்தது மூடி. 50 செ.மீ. சதுர மூடியின்மீது அரை மீட்டர் உயரத்திற்குக் கடல்நீர் நின்றால், அதன் எடை சுமார் 128 கிலோகிராம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் அலை நேராக மோதினாலோ, விசை ஏறக்குறைய 325 கிலோகிராம் எடைக்குச் சமம். அம்மூடியைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிட்டால்? 10 செ.மீ. ஆழ நீர் தேங்கினாலே, நிமிடத்திற்குச் சுமார் 100 லிட்டர் உள்ளே பாயும். ரப்பர் பட்டை எதற்கு என்பது இப்போது விளங்கும். திறப்பைச் சுற்றி வயல் வரப்புபோல் உயர்ந்த விளிம்பு அமைப்பதும் இதனால்தான். கீலை முன்புறம் வைத்தால், முகப்பிலிருந்து வரும் அலையே மூடியை அழுத்திச் சாத்திவிடும்.

மூடிக்கு அக்ரிலிக் தகடு பயன்படுத்துவோர், திருகாணித் துளைகளைச் சற்றுப் பெரிதாகவே போட வேண்டும். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் 50 செ.மீ. அக்ரிலிக் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். மரமோ நார்த்திசையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. திருகாணி இறுக்கிப் பிடித்தால், தகடு துளையிலிருந்தே விரிசல் விடும்.

எல்லாம் முடிந்தபின், சாக்பீஸை விளிம்பின் மேல் தடவி, மூடியைச் சாத்தித் திறந்து பாருங்கள். ரப்பர் பட்டையில் வெள்ளைக் கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறதோ, அங்கேதான் கடல் உள்ளே வரும்.