வாய்க்கால் வெட்ட யாரைக் கூப்பிடுவது?

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் வந்து விலை சொல்கிறார்கள். எல்லாரையும்விட மிகக் குறைவாகச் சொன்ன ஆசாமியை உடனே வேலைக்கு வைத்துவிடுவீர்களா? சுண்ணாம்பில் தண்ணீரைக் கூட்டுவானோ, ஒரே பூச்சோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று ஆயிரம் சந்தேகம் வரும். அப்படியே வைத்தாலும், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே நாலு தரம் கூடத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பீர்கள்.

சர்க்காருக்கு அப்படி எட்டிப் பார்க்க நேரமும் இல்லை; கண்ணும் போதாது. அதனால் டெண்டர் என்று ஒன்றை வைத்திருக்கிறது. விலையை எழுதி உறையில் போடு, எல்லாரும் பார்க்கப் பிரிப்போம், தகுதியுள்ளவர்களில் குறைந்த விலைக்காரருக்கு வேலை. இதற்கென்றே தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். வேண்டியவருக்கு வேலையைத் தூக்கிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். டெண்டரை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தஞ்சாவூர் வாய்க்காலுக்கு அது பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

வழக்கப்படி மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறந்து, ஜனவரி 28-ந் தேதி மூடுகிறார்கள். நடுவே நாலரை மாதம். கல்லணையிலிருந்து பிரியும் ஆறுகளையும், அவற்றிலிருந்து கிளைக்கும் வாய்க்கால்களையும் அதற்குள் தூர் வாரியாக வேண்டும். தஞ்சாவூர்ப் பட்டணத்தின் ஊடே ஓடுகிறதே, ஊரார் ‘புது ஆறு’ என்பார்களே, அந்தக் கல்லணைக் கால்வாய்தான் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. தலைமடையில் நிலம் வைத்திருப்பவருக்கு வாய்க்கால் கொஞ்சம் தூர்ந்திருந்தாலும் மோசமில்லை. கடைமடைக்காரர் கதை வேறு. வழியில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால், அணை திறந்த செய்தி பத்திரிகையில் வரும், தண்ணீர் வராது. நாற்றங்கால் காய்ந்துகொண்டிருக்கும்.

இப்போது, எஸ்டிமேட்டுக்கு வெகு கீழே விலை போட்டு வேலை எடுத்த ஒரு கண்டிராக்டரை நினைத்துப் பாருங்கள். குறைத்த பணத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? மூன்றடி வெட்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை அடி வெட்டுவார். கரையைப் பளிச்சென்று செதுக்கி, அள்ளிய சேற்றைக் கரைமேலேயே கொட்டிவிட்டுப் போவார். முதல் மழையில் அது பழையபடி வாய்க்காலுக்குள் வந்து சேரும். அதற்குள் தண்ணீரும் வந்துவிட்டால், அடியில் எத்தனை அடி வெட்டினார்கள் என்று யார் முங்கிப் பார்ப்பது?

மலிவு விலையை வேறு யாரோ கொடுக்க நேர்வது நம் ஊரில் மட்டுமல்ல. இங்கிலாந்தில் குப்பை அள்ளுவது முதல் பள்ளிக்கூடச் சாப்பாடு வரை நகரசபை வேலைகளைக் கட்டாயமாகப் போட்டி டெண்டருக்கு விட வேண்டும் என்று 1988-ல் சட்டம் செய்தார்கள். வடக்கு யார்க்‌ஷயர் கவுன்சில், டெண்டரில் ஜெயிப்பதற்காகத் தன்னுடைய பள்ளிகளில் சமைத்துப் பரிமாறிய பெண்களின் கூலியைக் குறைத்தது. அதே மதிப்புள்ள வேலை செய்த ஆண்களின் கூலி குறையவில்லை! பெண்கள் வழக்குப் போட்டார்கள். பிரபுக்கள் சபை வரை போய் 1995-ல் ஜெயித்தார்கள். பிறகு 1999-ல் இன்னொரு சட்டம் வந்து, அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. விலையோடு தரத்தையும் பார், ஊராரையும் கலந்துகொள் என்றது புதுச் சட்டம்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய வழி இருந்தது. குடிமராமத்து என்று பெயர். வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களே வீட்டுக்கு இத்தனை ஆள் என்று மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்கள். வராதவர்களிடம் அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்று 1858-ம் வருஷத்துச் சென்னைச் சட்டம் ஒன்று சொல்கிறது. எல்லாமே இனிமையாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மண்ணைச் சுமந்தவர்களில் நிலமே இல்லாத பண்ணையாட்கள் எத்தனை பேரோ!

அந்தப் பெயரை 2017-ல் சர்க்கார் மறுபடி எடுத்தது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள். டெண்டர் கிடையாது. பாசனம் பெறும் விவசாயிகளின் சங்கத்திடமே வேலை. பத்தில் ஒரு பங்கை அவர்கள் பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ தர வேண்டும். தன் வயலுக்கு வரும் தண்ணீர் என்றால் எவரும் ஒன்றரை அடியோடு நிறுத்தமாட்டார் அல்லவா?

யோசனை அழகானதுதான். ஆனால் பணம் பெருகியது. 2019-ல் ஏறக்குறைய 500 கோடி ஒதுக்கினார்கள். சங்கத்தின் பெயர் ஒன்று, பின்னால் நின்று வேலை எடுப்பவர் வேறு ஒருவர் என்று பல ஊர்களில் புகார் கிளம்பிற்று. சில இடங்களில் சங்கம் என்பதே காகிதத்தில்தான் இருக்கிறது என்றார்கள். டெண்டர் என்ற கதவை எடுத்த இடத்தில் காவலுக்கு யாரும் நிற்காவிட்டால், பழைய ஆசாமியே வேறு சட்டை போட்டுக்கொண்டு நுழைந்துவிடுகிறார்.

2021-ல் ஆட்சி மாறிய பிறகு, டெல்டாவில் 65 கோடி ரூபாயில் நாலாயிரம் கிலோமீட்டருக்குத் தூர் வாரினார்கள். விவசாயிகளும் அதிகாரிகளும் சேர்ந்த உழவர் குழுக்களை மேற்பார்வைக்கு வைத்தார்கள். எனக்கு என்னவோ, இதுதான் விஷயத்தின் அருகே வருவதாகப் படுகிறது. வேலையை யார் செய்தாலும், அளவுகோலைக் கடைமடைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் குழுவில் பெண்களும் வேண்டும். நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தபோது கண்டிராக்டரே கூடாது என்றது. அந்த வேலையில் தமிழ்நாட்டில் மண்வெட்டி பிடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தாம். ஓர் அடி ஆழம் என்பது எத்தனை கூடை மண் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த முறை கோடையில் தஞ்சாவூர்ப் பக்கம் போனால், வாய்க்கால் கரையில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். நீளம், ஆழம், தொகை எல்லாம் எழுதியிருந்தால், பக்கத்து வயலில் இருப்பவரிடம் சரிதானா என்று கேளுங்கள். ஜூன் 12-க்கு முன்னால் கேட்பது நல்லது.