இலை உதிர்வதும் இருதயம் தளர்வதும்

ரப்பர் மரம் இலையுதிர்ப்பதைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஆயினும் அது காற்றின் வேலையன்று. காம்பின் அடியில் மரமே ஒரு மெல்லிய அடுக்கை உண்டாக்கி, இலையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுகிறது.

நம் உடலின் உயிரணுக்களுக்கும் இத்தகைய முடிவு உண்டு. 1972ஆம் ஆண்டில் கெர், வைலி, கரி என்னும் மூன்று ஆய்வாளர்கள் இதனை விளக்கி, இலையுதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாலேயே 'அபோப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். காயமுற்ற உயிரணு வெடித்துச் சுற்றுப்புறத்தைப் புண்ணாக்கும். இதுவோ தானே சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, அண்டை அணுக்களுக்கு இரையாகிவிடும். கருவில் வளரும் குழந்தையின் விரல்கள் தனித்தனியே பிரிவதும் இவ்வாறுதான்.

தோலிலும் குடலிலும் இதனால் இழப்பில்லை. புதியவை பிறந்துகொண்டே இருக்கின்றன. மரத்திலும் புதுத் தளிர் வருகிறது. இருதயத் தசைக்கு அந்தப் பேறு இல்லை. வளர்ந்த மனிதரின் இருதயத் தசையணுக்களில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்றுகூடப் புதிதாகப் பிறப்பதில்லை.

மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபட்டு ஏறத்தாழ 20 நிமிடங்கள் சென்றால் தசையணுக்கள் மடியத் தொடங்குகின்றன. அடுத்த சில மணி நேரத்தில் அழிவு பரவுகிறது. பல அணுக்கள் வெடித்து மடிகின்றன. வேறு சில, குறிப்பாக ஓரத்தில் உள்ளவை, தம்மைத் தாமே முடித்துக்கொள்கின்றன. அடைப்பை நீக்கி இரத்தம் மீண்டும் பாயும்போதும் சில அணுக்கள் மடிவதுண்டு. அதற்காக அடைப்பை நீக்காமல் விடலாகாது. அதனால் பிழைப்பவையே மிகப் பல.

மாரடைப்பு இன்றியும் இருதயம் தளரக்கூடும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலிகளின் இருதயத்தில் ஒரு லட்சம் தசையணுக்களை எண்ணியபோது 23 அணுக்களே இவ்வாறு மடியும் நிலையில் இருந்தன. அந்தச் சொற்ப இழப்பு ஓயாது தொடர்ந்ததால் இருதயம் விரிந்து, சில மாதங்களில் எலிகள் மாண்டன. கவனியாது விடப்பட்ட உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் மனித இருதயத்திலும் இத்தகைய இழப்பை உண்டாக்குகின்றன. வலி தெரியாத நோய்கள் ஆதலால் மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர்.

நெஞ்சு கனத்தால் 'வாயு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு, நிரையை முடித்தபின் பார்க்கலாம் என்றிருப்பது நம்மிடையே உள்ள வழக்கம். பாலுக்கு மறுநாள் உண்டு. நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் உடனே 999 எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோர்க்கும் சிலவேளை வலியே இராது. மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டுமே இருக்கும்.