கென்யாவுக்குப் பெட்டி கட்டும் முன் ஓர் ஊசி

கென்யாவுக்குச் சுற்றுலா போகத் தீர்மானித்தவர்கள் முதலில் கேட்பது, "விசா கிடைக்குமா?" என்றுதான். அது இப்போது பெரிய விஷயமே இல்லை. 2024 ஜனவரியில் கென்ய அரசு விசாவை எடுத்துவிட்டு, 'ஈடிஏ' என்ற இணையவழிப் பயண அனுமதியைக் கொண்டுவந்துவிட்டது. பாஸ்போர்ட், புகைப்படம், திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு எல்லாவற்றையும் ஏற்றி, சுமார் 30 டாலர் கட்டணம் கட்டினால் சில நாட்களில் மின்னஞ்சலில் வந்துவிடும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுளில் தேடும்போது மேலே வந்து நிற்பதெல்லாம் கென்ய அரசின் தளம் அல்ல. அசல் போலவே முகப்பை வைத்துக்கொண்டு கூடுதல் பணம் கறக்கும் தரகர் தளங்கள் நிறைய உண்டு.

பலர் மாட்டிக்கொள்வது திரும்பி வரும்போது. நம் விமான நிலையத்தில் குடியுரிமைச் சோதனைக்குப் போகும் முன்பே சுகாதாரத் துறையின் மேஜை ஒன்று இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களிடம் அங்கே கேட்பது மஞ்சள் அட்டை, அதாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்று. அது இல்லாவிட்டால், கென்யாவிலிருந்து கிளம்பி ஆறு நாள் முடியும்வரை உங்களைத் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன், உள்ளூர்க்காரன் என்று வாதாடிப் பயனில்லை.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். வைரஸ் ஒரு பயணியின் ரத்தத்தில் வந்து இறங்கினால், அதை ஊர் முழுக்கக் கொண்டுசேர்க்க வாகனம் தயாராக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அரசு கறாராக இருப்பது நியாயம்தான்.

தடுப்பூசி புதியதல்ல. மேக்ஸ் தெய்லர் 1930-களில் உருவாக்கிய '17டி' என்ற வலுவிழந்த வைரஸ்தான் இன்றும் அடிப்படை. அதற்காக 1951-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலை 11 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் விதி அப்படித்தான் சொல்கிறது. அட்டையில் பத்து ஆண்டு என்று அச்சாகியிருந்த பழைய சான்றுகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறவர் திங்கட்கிழமை ஊசிக்கு ஓடினால் பலனில்லை.

தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொள்ளும் ஊசியும் இது அல்ல. அரசு அங்கீகரித்த மையங்களின் சான்றுதான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுக சுகாதார அலுவலகமும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஒரு குப்பி மருந்தைப் பலருக்குப் பிரித்துப் போடுவதால் குறித்த நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவு வேண்டும். அசல் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். அட்டையில் பாஸ்போர்ட் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், அறுபதைக் கடந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசியாக வேண்டும். மஞ்சள் காமாலைக்கு எப்போதோ போட்ட ஊசி இந்தக் கணக்கில் சேராது. ஆக, கென்யா பயணத்தில் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய முதல் தேதி, ஊசிக்கு இடம் கிடைக்கும் தேதி.

அடுத்து, எந்த மாதம் போவது? நம்மூர்க் குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல், மே. கென்யாவில் பெருமழைக் காலம் மார்ச் முதல் மே வரை. மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் பல பகுதிகளில் கரிசல் மண். மழையில் நனைந்தால் நான்கு சக்கரமும் சுழலும் ஜீப்பே புதைந்து நிற்கும். முகாம்கள் சில இந்த மாதங்களில் கதவைச் சாத்திவிடும். "ஏப்ரலில் பாதி விலைக்குத் தருகிறோம்" என்று பேக்கேஜ் நிறுவனம் சொன்னால், அந்தப் பாதி விலைக்குக் காரணம் மேகத்தில் இருக்கிறது.

தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கான வைல்டபீஸ்ட்கள் மாரா ஆற்றைக் கடந்து வரும் புகழ்பெற்ற காட்சி, பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை. செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை இதற்குள் கச்சிதமாக விழுகிறது. ஆனால் பணம் கூடும். மாரா காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 2024 முதல் நடைமுறையில் உள்ள நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். காப்பகத்துக்கு வெளியே தங்குகிறவர்களுக்கு அந்தச் சீட்டு காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான். பேக்கேஜில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு ஜனவரி, பிப்ரவரி. மழை இல்லை, கட்டணம் பாதி, கூட்டமும் குறைவு. ஆற்றைக் கடக்கும் காட்சி கிடைக்காது. சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் எங்கும் போய்விடுவதில்லை, அவை அங்கேதான் இருக்கும்.

பூமத்திய ரேகை நாட்டின் நடுவே ஓடுகிறது என்பதால் கென்யா கொதிக்கும் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளை மட்டும் அடுக்குகிறவர்கள் நைரோபியில் இறங்கியதும் நடுங்குவார்கள். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைவிட உயரம், கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. அங்கே ஜூலைதான் குளிர்ந்த மாதம். மாராவும் 1,500 மீட்டருக்கு மேல். விடியற்காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வண்டியில் நின்றுகொண்டு போகும்போது ஸ்வெட்டரும் கழுத்துத் துணியும் வேண்டும். குரங்குக் குல்லாவைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். பத்து மணிக்குமேல் வெயில் சுள்ளென்று ஏறும். ஆகவே ஒரு கனமான கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மூன்று மெல்லிய உடைகள் உதவும். பயணத்தில் மொம்பாசாவும் இருந்தால் கதை வேறு. அது கடலோரம், சென்னைக்காரர்களுக்குப் புழுக்கம் அங்கே பழகியதுதான்.

உடையின் நிறத்திலும் விஷயம் இருக்கிறது. சில காட்டுப் பகுதிகளில் செட்சி ஈ உண்டு. துணியைத் தாண்டிக் கடிக்கும். அடர் நீலமும் கறுப்பும் அதை இழுக்கும். அந்த ஈயைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீலத்துணியிலும் கறுப்புத்துணியிலும்தான் தைக்கிறார்கள். ஜீன்ஸை ஊரிலேயே விட்டுவிடுங்கள். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை நல்லது. ராணுவ உடையைப் போன்ற புள்ளிபோட்ட சட்டை மட்டும் கூடாது, கென்யாவில் பொதுமக்கள் அதை அணிவது குற்றம். ட்ரோன் வைத்திருக்கும் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்: அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் சுங்கத்தில் பிடித்துவைத்துக்கொள்வார்கள்.

இனி மலேரியா. "நாங்கள் பார்க்காத கொசுவா?" என்று கேட்கும் வீரர்கள் நம்மிடம் அதிகம். அந்தக் கொசுவைப் பார்க்கவில்லை என்பதுதான் பதில். கென்யாவில் பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபாரம் வகை. மூளையைத் தாக்கிச் சில நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. பழைய குளோரோகுயின் மாத்திரைக்கு அது மசிவதில்லை. நைரோபியில் ஆபத்து மிகக் குறைவு. மாராவிலும் கடற்கரையிலும் உண்டு. (நம் சென்னை மொட்டைமாடித் தொட்டிகளில் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சை கொசு 2012-இல் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டு, இப்போது கென்யாவரை போய்விட்டது. ஏற்றுமதியிலும் நாம் குறைந்தவர்கள் இல்லை.)

தடுப்பு மாத்திரை மூன்று வகை. அடோவகோன்-ப்ரோகுவானில் என்பதைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள் தினமும் சாப்பிட வேண்டும். டாக்ஸிசைக்ளினும் ஓரிரு நாள் முன்தான் தொடங்கும், ஆனால் திரும்பிய பிறகு நான்கு வாரம் தொடரும். அதைச் சாப்பிடும்போது வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிவிடும், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்குத் தருவதில்லை. எது உங்களுக்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும். நான் சொல்வது ஒன்றுதான்: ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கடைசி நாள் கடித்த கொசு விட்டுச்சென்ற கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, பிறகுதான் ரத்தத்துக்கு வரும். அந்த மீதி மாத்திரைகள் அதற்காகத்தான்.

மாத்திரை சாப்பிட்டாலும் கடி படக்கூடாது. மலேரியாக் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பது. மாலையில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, 'டீட்' அல்லது 'பிகாரிடின்' கலந்த களிம்பு. வெயிலுக்கான கிரீமும் பூசுவதாக இருந்தால் முதலில் அது, அது காய்ந்தபின் கொசுக் களிம்பு. மாற்றிப் பூசினால் இரண்டும் சரியாக வேலை செய்யாது.

பெட்டிக்கு வருவோம். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலைவழியே ஐந்தாறு மணி நேரம். முதுகுவலிக்காரர்கள் வில்சன் விமான நிலையத்திலிருந்து குட்டி விமானத்தில் போகலாம். அதில் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் வயிற்றுக்குள் போகாது.

பைக்குள் எதை வைத்தாலும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்காதீர்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. சட்டத்தில் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதமும் நான்கு ஆண்டு வரை சிறையும் இருக்கிறது. 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பாட்டிலுக்கும் தடை. பருப்புப்பொடியையும் புளிக்காய்ச்சலையும் டப்பாவில் அடையுங்கள், டப்பாக்களை மஞ்சப்பையில் போடுங்கள். விமான நிலையக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பையை நைரோபியில் இறங்கும் முன்பே கழித்துவிடுங்கள்.

உண்மையில் பொடிகூட அவ்வளவு தேவையில்லை. ஆங்கிலேயர் 1896-இல் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பஞ்சாபியர். குஜராத்தி வணிகர்களும் அங்கே வேரூன்றினார்கள். அதனால் சப்பாத்தி இன்று கென்யர்களின் வீட்டுச் சாப்பாடு. நைரோபியின் பார்க்லேண்ட்ஸ், வெஸ்ட்லேண்ட்ஸ் பகுதிகளில் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. மக்காச்சோளமும் பீன்ஸும் வேகவைத்த கித்தேரி, கீரைப் பொரியல் போன்ற சுகுமா விக்கி இரண்டையும் சைவக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாம், இறைச்சிச் சாறு சேர்க்கவில்லையே என்று கேட்டுவிட்டு. முகாமில் சைவம் வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லுங்கள்; நடுக்காட்டில் போய்க் கேட்டால் சமையல்காரர் என்ன செய்வார்?

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக. மருத்துவச் சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள். நம் கம்பெனிப் பெயர் அங்கே மருந்துக்கடையில் எடுபடாது. கென்யா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் இன்சுலின் நேரத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்காது. அதையும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு, சுத்தமான புது டாலர் நோட்டுகள் கொஞ்சம், மீதி கார்டில். 2006-க்கு முன் அச்சான டாலரையும் கசங்கியதையும் கிறுக்கியதையும் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். செலவுக்கு உள்ளூர் ஷில்லிங். 2007-இல் தொடங்கிய 'எம்-பெசா' என்ற கைபேசிப் பணச் சேவை அங்கே காய்கறிக்கடைவரை புழங்குகிறது. பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கினால் வெளிநாட்டவரும் பயன்படுத்தலாம். செருகியில் மூன்று செவ்வக முனைகள், இங்கிலாந்து மாதிரி. ஒரு அடாப்டர் போதும்.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். காட்டில் நெஞ்சுவலி வந்தால் அருகில் நல்ல மருத்துவமனை நைரோபியில்தான். அங்கே கொண்டுபோக விமானம் வேண்டும். 1957-இல் தொடங்கிய அம்ரெஃப் 'பறக்கும் மருத்துவர்கள்' அமைப்பு வில்சன் நிலையத்திலிருந்து இந்தச் சேவையைச் செய்கிறது. உங்கள் பேக்கேஜிலோ பாலிசியிலோ விமான மீட்பு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்த சர்க்கரை நோய்தான் பின்னால் பணம் தர மறுப்பதற்குக் காரணமாகும்.

வேலி இல்லாத முகாம்களில் இரவில் யானையும் நீர்யானையும் கூடாரங்களுக்கு நடுவே நடமாடும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதானாலும் அஸ்காரி எனப்படும் காவலரை அழைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள், சில சமயம் ஓராண்டுக்குள்கூட, காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலை விழுங்கிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போய், கேட்காவிட்டாலும், "கென்யா போய்வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.