ஜனவரி முதல் தேதியில் ஒரு பட்டியல்

இந்த 2026 புத்தாண்டு விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், சாப்பாட்டு மேசையில் கராச்சி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "போன மே மாதம் நம் இரண்டு நாடுகளும் ஏவுகணை வீசிக்கொண்டன. ஜனவரி ஒன்றாம் தேதி, தங்கள் அணு நிலையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் எழுதிக் கொடுத்துக்கொள்கின்றன. நம்பிக்கை இருந்தால் சண்டை எதற்கு? நம்பிக்கை இல்லை என்றால் பட்டியல் எதற்கு?"

டொராண்டோவில் பல வருடங்களாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அவர் வளர்ந்த கராச்சியின் கடற்கரையில் அணுமின் நிலையம் உண்டு. நான் வளர்ந்த ஊர் கல்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்தான். ஆகவே எங்கள் இருவருக்கும் இது வெறும் பத்திரிகைச் செய்தி அல்ல. அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பிறகு படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

1981 ஜூனில் இஸ்ரேலிய விமானங்கள் இராக்கின் ஒசிராக் அணு உலையைக் குண்டு வீசித் தகர்த்தன. கஹூட்டாவில் இருக்கும் தன் அணு நிலையத்துக்கும் இந்தியா இதையே செய்துவிடுமோ என்ற பயம் பாகிஸ்தானைப் பிடித்துக்கொண்டது. அப்படிச் செய்தால் தன் உலைகளும் தப்பாது என்பது இந்தியாவுக்கும் தெரியும். 1985 டிசம்பரில் ஜியா உல் ஹக் டெல்லிக்கு வந்தபோது, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று அவரும் ராஜீவ் காந்தியும் வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். அது எழுத்தில் வர மூன்று ஆண்டுகள் ஆயின. இடையில் 1986-87இல் 'பிராஸ்டாக்ஸ்' ராணுவப் பயிற்சியால் எல்லையில் பெரும் பதற்றம். கடைசியில், ராஜீவும் பெனசிர் பூட்டோவும் பிரதமர்களாக இருந்தபோது, 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் பட்டியல் 1992 ஜனவரி 1 அன்று கைமாறியது.

ஒப்பந்தம் மிகச் சிறியது. மற்ற நாட்டின் அணு நிலையங்களை அழிக்கவோ சேதப்படுத்தவோ நேரடியாகவும் மறைமுகமாகவும் முயல்வதில்லை என்பது ஒரு வாக்குறுதி. மின் உலைகள், ஆராய்ச்சி உலைகள், யுரேனியம் செறிவூட்டும் கூடங்கள் முதலியவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஆண்டுதோறும் ஜனவரி 1க்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே சமயத்தில் பட்டியல்கள் கைமாறுகின்றன. வெளியே யாருக்கும் காட்டுவதில்லை.

எதிரியிடம் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுப்பது போலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் செயற்கைக்கோள் காலத்தில் பெரும்பாலான விலாசங்கள் எதிரிக்குத் தெரிந்தவைதான். பட்டியல் செய்வது வேறு வேலை. 'அங்கே உலை இருந்தது எங்களுக்குத் தெரியாது' என்ற சாக்கை அது பறித்துவிடுகிறது.

இதை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியல் முழுமையானதா என்று பார்க்க யாரும் யார் நாட்டுக்கும் போவதில்லை. ஒப்பந்தத்தில் அதற்கு வழியே இல்லை. மற்றவர் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் இரு பக்கமும் இருந்துகொண்டே இருக்கும். அப்படியும் இது நின்றிருக்கிறது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் இரு ராணுவங்களும் எல்லையில் நின்ற 2002 ஜனவரியிலும் பட்டியல் போனது. பாலாகோட் தாக்குதல் நடந்த 2019க்கு அடுத்த ஜனவரியிலும் போனது. இந்த ஆண்டும் போயிற்று.

இதற்கு நேர்மாறானது லாகூர். 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் எல்லையைக் கடந்து போனார். நவாஸ் ஷெரீபுடன் லாகூர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். மூன்றே மாதத்தில் கார்கிலில் சண்டை. அந்த நல்லெண்ணம் போலி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே அதன் மேல் சாய்ந்திருந்தது. அது சரிந்தபோது தாங்கிக்கொள்ள அடியில் எதுவும் இல்லை.

நின்றவையெல்லாம் நிலைக்கும் என்றும் இல்லை. 1960ல் கையெழுத்தான சிந்து நதி ஒப்பந்தம் 1965, 1971 போர்களைத் தாண்டி வந்தது. 2025 ஏப்ரலில், பஹல்காம் கொலைகளுக்கு மறுநாள், இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அது நின்றுபோக, இது மட்டும் ஏன் நிற்கவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் இது: நதியில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அணு உலை விஷயத்தில் இருவரும் ஒரே தட்டில். உலை உடைந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று எந்தத் தளபதியாலும் உத்தரவு போட முடியாது.

எச்சரிக்கைக்கும் இரண்டு முகம் உண்டு. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய ஒரு பிரம்மோஸ் ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை; யாரும் சாகவில்லை. சோதனைக்கு முன் தகவல் சொல்ல வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும்தான். இது குரூஸ் ஏவுகணை. இந்தியா தவறை ஒப்புக்கொண்டது இரண்டு நாள் கழித்து. அதுவரை பாகிஸ்தான் பதிலுக்கு எதையும் ஏவவில்லை. சந்தேகப்படுவது மட்டும் எச்சரிக்கை அல்ல. அவசரப்பட்டு முடிவுக்கு வராமல் இருப்பதும் எச்சரிக்கைதான்.

வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். முதலில் ஆராய வேண்டும், பிறகு நம்ப வேண்டும், நம்பிய பின் ஐயப்படக் கூடாது என்பது அதன் வரிசை. அரசன் ஆட்களைத் தேர்ந்தெடுக்க அது சரியான வழி. நாடுகளுக்கு இடையே அந்த வரிசை பொருந்துவதில்லை என்று நினைக்கிறேன். இங்கே ஆராய்ச்சி முடிவதே இல்லை. ஆளும் கட்சி மாறும், தளபதி மாறுவார், போன ஆண்டின் நம்பிக்கை இந்த ஆண்டுக்குச் செல்லாது. அதனால்தான் ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக எழுதித் தர வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் வராமல் போனால் அதுவே பெரிய செய்தி.

2008ல் கையெழுத்தான இன்னொரு ஒப்பந்தத்தின்படி, அதே நாளில் இன்னொரு பட்டியலும் கைமாறுகிறது. ஒருவர் சிறையில் இருக்கும் மற்றவர் நாட்டுக் கைதிகள், மீனவர்களின் பட்டியல். கடலில் எல்லை தெரியாமல் போன மகன் உயிரோடு இருக்கிறானா என்பது சில வீடுகளுக்கு அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "அப்படியானால் அவர்கள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை" என்றார்.

"இல்லை. நம்பாமலே ஒரு சொல்லைக் காப்பாற்றுகிறார்கள்" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் அம்மா இன்னும் கராச்சியில்தான் இருக்கிறார். எனக்கு அது போதும்" என்றார்.

எனக்கும் அது போதும்.