கோடை விடுமுறையில் ஒரு குளக்கரைப் பயணம்



கோடை விடுமுறை தொடங்கியதும், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்ற பேச்சு நம் குடும்பங்களில் எழுகிறது. கடற்கரை, மலைவாசத்தலம், திருத்தலம் என்று இடங்கள் பல உண்டு. அதிகச் செலவில்லாமல் குடும்பமாகச் சென்று வரக்கூடிய இன்னொரு இடத்தைப் பற்றி இங்கே சிந்திப்போம். அது திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளம்.

சுமார் 129 எக்டேர் பரப்புள்ள இக்குளம் 1994-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இது சேர்க்கப்பட்ட செய்தி வெளியானது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வரித்தலை வாத்துகள் கோடைக்கு முன்பே திரும்பிவிடும். கூழைக்கடா, வர்ண நாரை போன்றவை இங்கேயே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். மழையாலும் மணிமுத்தாறு அணை நீராலும் குளம் நிரம்பிய ஆண்டுகளில், கோடையிலும் கூடுகளில் குஞ்சுகளைக் காணலாம். நீர் வராத ஆண்டுகளில் பறவைகளும் குறைந்துவிடும். எனவே புறப்படுமுன் குளத்தில் நீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

அங்கே எதைக் கவனிக்க வேண்டும்? முதலில் வர்ண நாரை. மஞ்சள் நிறத்தில் நீண்ட அலகும், வாலருகே இளஞ்சிவப்புச் சிறகுகளும் கொண்ட பெரிய பறவை இது. பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு இருபுறமும் அசைத்தபடி நடக்கும். மீன் அலகில் பட்டவுடன் கவ்விக்கொள்ளும். வெயில் ஏறியதும் கூட்டைப் பாருங்கள். தாயோ தந்தையோ சிறகுகளை விரித்து நிற்க, குஞ்சுகள் அந்த நிழலில் ஒண்டிக்கொள்ளும். கூழைக்கடாவோ அலகின் கீழுள்ள பையைப் படபடவென்று அசைத்துக்கொண்டிருக்கும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது போலத்தான் இதுவும். ஈரம் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. அதன் குஞ்சு பெற்றோரின் பைக்குள் தலையை நுழைத்து மீனை உண்பதைப் பார்த்தால் பிள்ளைகள் நாள் முழுதும் அதையே பேசுவார்கள்.

இந்த நிழலின் மதிப்பை நாம் புரிந்துகொள்ள வேண்டும். நாம் கூச்சலிட்டாலோ, கைதட்டினாலோ, கூட்டின் அருகே சென்றாலோ பெற்றோர் பறவைகள் மிரண்டு பறந்துவிடும். கொளுத்தும் வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு நெடுநேரம் தாங்காது. காவல் இல்லாத கூட்டிலிருந்து காகங்கள் முட்டையைத் தூக்கிச் செல்லும். நமக்கு ஒரு நிமிட விளையாட்டு. ஒரு பறவைக் குடும்பத்திற்கோ அது பேரிழப்பு.

இதைக் கூந்தன்குளம் மக்கள் பல தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். குளத்து மரங்களில் மட்டுமல்லாமல், ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலும் பறவைகள் கூடுகட்டுகின்றன. எச்சமும் நாற்றமும் இருந்தாலும் யாரும் அவற்றை விரட்டுவதில்லை. எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு உரமாகிறது. பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் இவ்வூர் மக்கள் தவிர்க்கிறார்கள். எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே அன்பினால் உருவான காவல் இது.

ஆகவே அங்கே செல்லும்போது சிலவற்றைக் கடைப்பிடிப்போம். அதிகாலையில் அல்லது மாலையில் செல்வோம். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் ஆடை அணிய வேண்டாம். ஊருக்குள் ஹாரன் அடிக்க வேண்டாம். கூடுள்ள மரத்தடிக்குச் செல்லாமல், தொலைவிலிருந்தே பைனாகுலரில் பார்ப்போம். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் வனத்துறைப் பணியாளரிடம் சொல்வோம். கொண்டு சென்ற நெகிழிப் பையையும் பாட்டிலையும் திரும்ப எடுத்து வருவோம்.

ஆண்டவர் இயேசு தம் மலைப்பொழிவில், கவலையால் வாடுவோரிடம் பறவைகளைக் கவனிக்கச் சொன்னார். கவனிப்பதற்கு நேரமும் அமைதியும் வேண்டும். எத்தனை வகைப் பறவைகளைப் பார்த்தோம் என்று எண்ணுவதைவிட, ஒரே ஒரு கூட்டை அரைமணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். தங்களுக்காக வெயிலில் நிற்பவர்கள் யார் என்று அவர்கள் தாமாகவே நினைத்துப் பார்ப்பார்கள்.