உப்புச் சேற்றில் ஒரு விருந்து

பாலைவனம் பார்க்கப் போகிறவர்கள் ஜெய்சல்மேரில் இறங்கி, ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஊர் திரும்புவார்கள். அதற்கு நேர் எதிராக, பாலைவனத்தில் பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு ஓய்வுக்கு நம் பக்கத்து ஏரிக்கு வருகிற குடும்பங்களும் உண்டு. அவை பூநாரைகள். குஜராத்தில் கட்ச்சின் பெரிய ரண் என்கிற உப்புப் பொட்டலில், மனிதன் நிழலுக்குத் தவிக்கிற இடத்தில், சேற்றைக் குவித்துக் கூடு கட்டுகின்றன. அந்த இடத்துக்கு ‘பூநாரை நகரம்’ என்றே பெயர். 1945-ல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பழவேற்காடு ஏரியில் வந்து இறங்கும் கூட்டம் அந்தப் பக்கத்திலிருந்து வருவதுதான் என்பார்கள்.

எங்கள் வீட்டிலும் பாலைவன ஆசை இருந்தது. என் மனைவி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் ஷிஃப்டு வேலை. பொங்கலை ஒட்டிச் சேர்ந்தாற்போல் கிடைத்த லீவில் ராஜஸ்தான் போனால் பாதி லீவு ரயிலிலேயே கரைந்துவிடும். “சரிங்க, பக்கத்துல எங்கயாவது போய் நிம்மதியா உட்கார்ந்துட்டு வரலாம்” என்று அவளே இறங்கி வந்தாள். சூலூர்பேட்டை மெமு ரயிலில் ஏறினோம். எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, பிறகு சூலூர்பேட்டை. லாட்ஜில் ரூம் போட்டுப் பையை வைத்துவிட்டு, ஸ்ரீஹரிக்கோட்டை போகும் சாலைக்கு ஒரு ஆட்டோ பிடித்தோம்.

அந்தச் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். கடைசியில் ராக்கெட் ஏவுதளத்தின் காவல் வாசல். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடுதான். நீளம் சுமார் 60 கிலோமீட்டர். தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்திலும் பெரும்பகுதி ஆந்திராவிலும் கிடக்கிறது. இத்தனை பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். மழைக்காலத்தில் தெற்கே ஆரணி ஆறும் இந்தப் பக்கம் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்ட, உப்பு இறங்கிவிடும். வெயில் ஏற ஏற முகத்துவாரத்தில் மணல் மேடிடும், தண்ணீர் வற்றும், கடலைவிட உப்பு கூடிவிடும். மே மாதத்தில் இதே சாலையில் வந்தால் வடக்குப் பகுதி வெடித்த சேறும் வெள்ளை உப்புமாகக் கிடக்கும்.

பழவேற்காடு ஊர்ப்பக்கம் முன்பு படகில் சுற்றிக் காட்டுவார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. அது ஒருவிதத்தில் பறவைகளுக்கு நல்லதுதான். பூநாரையைப் பார்க்கப் படகு தேவையே இல்லை. சாலையோரம் நின்றால் போதும், அதுவும் சத்தம் போடாமல் நின்றால்.

மதகு ஒன்றைத் தாண்டி ஆட்டோவை நிறுத்தினோம். கூட வேலை பார்க்கிற ஒருவரிடம் பைனாகுலர் இரவல் வாங்கி வந்திருந்தேன். தூரத்தில் இருந்தது ஒரு வெளிறிய கோடு. பைனாகுலரில் அது பிரிந்து நூற்றுக்கணக்கான கழுத்துகளாயிற்று. வெள்ளை உடம்பில் ரோஜா நிறம் லேசாகத்தான் தெரிந்தது. “இவ்வளவுதானா செவப்பு?” என்றாள். அந்த நேரம் பார்த்து நாலைந்து எழும்பின. மடித்து வைத்திருந்த இறக்கை விரிந்ததும் உள்ளே அப்படியொரு சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. பிறகு அவள் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை.

கிட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒன்றை மட்டும் நெடுநேரம் பார்த்தோம். அது தலையை முழுக்கக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு நடந்தது. கால்களை மாற்றி மாற்றி மிதித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றியது. அப்படி மிதிக்கிற இடத்தில் சேற்றில் வட்டமாகப் பள்ளம் விழும், தண்ணீர் வடிந்த இடங்களில் அதைப் பார்க்கலாம். சேறு கலங்கினால் அதிலிருக்கிற கூனி, புழு, பாசி எல்லாம் மேலே வரும். இதன் அலகு நடுவில் ஒடிந்து வளைந்திருப்பதன் காரணம் அப்போதுதான் விளங்குகிறது. கவிழ்த்துப் பிடித்தால்தான் அந்த வளைவு தண்ணீருக்குச் சரியாகப் படுகிறது. அலகின் உள் விளிம்பு முழுக்க மெல்லிய சீப்புப் பற்கள். நடுவே தடித்த நாக்கு முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. இரை உள்ளே தங்கிவிடும், சேற்றுநீர் போய்விடும். (பழைய ரோமாபுரிப் பணக்காரர்கள் இந்த நாக்கையே விருந்தில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். எதை எதைத் தின்னத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.)

இந்த அலகு வெறும் சல்லடை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2025-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. சிலி நாட்டுப் பூநாரைகளை வைத்துப் பார்த்ததில், தலையை வெடுக்கென்று மேலே இழுக்கும்போது தண்ணீருக்குள் ஒரு சுழல் எழும்புகிறது. அலகை வினாடிக்குச் சுமார் 12 முறை கடகடவென்று அடிக்கும்போது இன்னும் சிறு சுழல்கள். கால் மிதியும் தன் பங்குக்குச் சுழல் உண்டாக்குகிறது. தப்பி ஓடத் தெரிந்த சின்னஞ்சிறு உயிர்களைக்கூட அந்தச் சுழல்கள் கொண்டுவந்து வாயில் சேர்க்கின்றன. பறவை தண்ணீரை வடிகட்டுவதற்கு முன் தண்ணீரையே தனக்கு வேலை செய்ய வைத்துவிடுகிறது. படைத்தவன் கணக்கில் ஒரு துளி அசைவும் வீணில்லை.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன், என் பிழைப்பே அதுதான். எங்கள் ஆர்.ஓ. பிளான்ட்டில் உப்புத்தண்ணீரை நல்ல தண்ணீராக்க பம்ப்புகள் ராப்பகலாக அழுத்தம் கொடுக்க வேண்டும். மெம்பிரேன் அடைத்துக்கொள்ளும், ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும், கழிவாகப் போகிற உப்புநீரை என்ன செய்வது என்று தனியாக ஒரு தலைவலி. பூநாரைக்கு இந்த பிளான்ட் முழுக்கக் கண்ணுக்கு அருகே ஒரு சுரப்பியில் அடங்கிவிட்டது. குடித்த உப்பில் மிஞ்சியதை அது ரத்தத்திலிருந்து பிரித்து மூக்குத் துவாரம் வழியாகச் சொட்டவிட்டுவிடுகிறது. கரண்ட் பில் இல்லை. ஷட்டவுன் இல்லை. இரண்டு முதல் நாலு கிலோ எடையுள்ள ஒரு உடம்புக்குள் இதை வைத்தவனுக்கு எந்தப் பொறியியல் கல்லூரி பட்டம் கொடுக்க முடியும்?

ஒற்றைக் காலில் நிற்கிறதே, வலிக்காதா என்று என் மனைவி கேட்டாள். 2017-ல் அட்லாண்டாவில் இதைச் சோதித்தவர்கள், இறந்துபோன பூநாரையின் உடம்பையே ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்த்தார்கள். தசை ஒன்றும் வேலை செய்யாமலே, மூட்டுகள் தானாகப் பொருந்தி, உடம்பு நின்றது. இரண்டு காலில் அப்படி நிற்கவில்லை. ஆக நமக்குத் தவமாகத் தெரிவது அதற்குச் சாய்வு நாற்காலி. பின்பக்கம் மடிகிற முழங்கால் என்று நாம் நினைப்பதும் கணுக்கால்தான். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

நிறமும் பிறவிச் சொத்து இல்லை. குஞ்சு சாம்பல் நிறம். பாசியிலும் கூனியிலும் உள்ள செம்மஞ்சள் சத்து உடம்பில் ஊற ஊற, சில வருஷத்தில்தான் ரோஜா நிறம் பிடிக்கும். அதிலும் ஒரு குறும்பு இருக்கிறது. வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. ஜோடி தேடும் பருவத்தில் அந்த எண்ணெயைக் கழுத்தில் தேய்த்துக் கூடுதல் நிறம் ஏற்றிக்கொள்வதை ஸ்பெயினில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பருவம் முடிந்ததும் தேய்ப்பது குறைந்துவிடும், நிறமும் மங்கிவிடும். “பவுடர் போடுறதுக்கு என்னைச் சொல்வீங்களே” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜோடி என்றதும் இன்னொன்று. கல்யாணப் பத்திரிகைகளில் கழுத்தை வளைத்து இதய வடிவில் இரண்டு பூநாரையை அச்சடிக்கிறார்கள். பிரான்சின் தென்கரையில் உள்ள கமார்க் சதுப்பு நிலத்தில் வளையம் மாட்டிக் கண்காணித்ததில், 100 ஜோடியில் 98 அடுத்த வருஷம் வேறு துணையைத் தேடிக்கொண்டது தெரியவந்தது. அச்சகக்காரர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஆனால் சேர்ந்திருக்கும் காலத்தில் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது கிடையாது. சேற்றில் ஒரு சிறு மேடு, அதன் உச்சியில் ஒரே ஒரு முட்டை. ஏறக்குறைய ஒரு மாதம் இரண்டும் மாற்றி மாற்றி அடைகாக்கும். சேறு கொதிக்கிற வெயிலில் அந்தச் சிறு உயரமே முட்டைக்குக் காப்பு, திடீரென்று தண்ணீர் ஏறினாலும் காப்பு. பிறந்த குஞ்சுக்கு அலகு நேராக இருப்பதால் வடிகட்டித் தின்ன வராது. அது வளைந்து வரும்வரை தாய் மட்டுமில்லை, தகப்பனும் பால் கொடுக்கிறது. தொண்டைக்குக் கீழே ஊறி வாய்வழி சொட்டும் பால் அது, ரத்தச் சிவப்பு. தாங்கள் தின்று சேர்த்த நிறத்தையும் அந்தப் பாலோடு சேர்த்துக் கொடுத்துவிடுவதால் பெற்றவை இரண்டும் வெளுத்துப் போகின்றன. பிள்ளை வளர்க்கும் களைப்பைத் தோலிலேயே எழுதி வைத்திருக்கிறான் ஆண்டவன்.

கூட்டத்தின் ஓரத்தில் அழுக்குச் சாம்பலாகச் சில நின்றன. கொக்கு என்று நினைத்தவளிடம், அவை இளங்குஞ்சுகள், இன்னும் நிறம் பிடிக்கவில்லை என்றேன். உடனே ஒரு கேள்வி வந்தது. பிறந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் ஒன்றாகத் திரியுமே, அடுத்த வருஷமே ஜோடி மாறிவிடுகிறதே, யார் பிள்ளை யார் என்று எப்படித் தெரியும்?

குரலால்தான். கொஞ்சம் வளர்ந்ததும் குஞ்சுகளையெல்லாம் ஒரே மந்தையாகச் சேர்த்துச் சில பெரியவை காவல் நிற்கும். இரை தின்னப் போன தாயோ தகப்பனோ திரும்பி வந்து கூப்பிட்டால், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அதன் குஞ்சு மட்டும் பதில் கொடுத்துக்கொண்டு ஓடிவரும். மற்றவை வந்து நச்சரித்தாலும் பால் கிடைக்காது.

“ஜோடி மாறினாலும் புள்ள மாறாது, அவ்வளவுதானே?” என்று சொல்லிவிட்டுப் பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் வெயிட்டிங்குக்கு எவ்வளவு கேட்கப்போகிறாரோ என்று நான் மணி பார்த்தேன்.