ஏலக்காட்டுத் தாயும் ஆறு மாதப் பாலும்

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேடு என்றால் ஏலக்காய் நினைவுக்கு வரும். அந்தக் காயைப் பறிக்கும் கைகளில் நம் தமிழ்ப் பெண்களின் கைகள் ஏராளம். சிலர் எஸ்டேட் லயத்திலேயே குடியிருப்பவர்கள். மற்றவர்கள் கம்பம், போடி, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலைக்கு வந்து மாலையில் இறங்குபவர்கள். கைக்குழந்தைக்காரிக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல.

பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. முன்பு 4 முதல் 6 மாதம் என்றிருந்ததை 2001-ல் இப்படி மாற்றினார்கள். நம் நாட்டில் எத்தனை பேர் அப்படிக் கொடுக்கிறார்கள்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 64. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய 55தான்! ஆஸ்பத்திரிப் பிரசவத்தில் முன்வரிசையில் நிற்கும் இரு மாநிலங்கள் இதில் பின்தங்குவானேன்?

ஒரு காரணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது. அதே ஆய்வில் சிசேரியன் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45, கேரளத்தில் 39. அறுவை முடிந்து தாய் மயக்கமும் வலியுமாகக் கிடக்கையில் முதல் ஒரு மணி நேரம் கடந்துவிடுகிறது. அதற்குள் பவுடர் பால் வந்துவிடுகிறது. வீட்டிலோ சேனை வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, உரைமருந்து, தேனி பக்கம் போன்ற தென்மாவட்டங்களில் சில இடங்களில் கழுதைப்பால். பாட்டிமாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களையும் உட்கார வைத்துப் பேசாத மருத்துவ ஆலோசனை பாதி ஆலோசனைதான். "பால் பத்தலை" என்ற பேச்சும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. குழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்றே அர்த்தம்.

ஆனால் ஏலக்காட்டில் பெரிய காரணம் வேலைதான். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். பகல் முழுக்கப் பிரிந்திருந்தால் மார்பு கட்டி வலிக்கும், சில வாரங்களில் சுரப்பே குறையும். லயத்துப் பெண் இடைவேளையில் ஓடிவந்து கொடுக்கலாம். ஜீப்பில் வந்தவள் எங்கே ஓடுவாள்?

சட்டம் இல்லாமலில்லை. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சிறிய ஏலத்தோட்டங்கள் அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. 2017 முதல் பேறுகால விடுப்பு 26 வாரம், அதாவது சரியாக அந்த ஆறு மாதம்! ஆனால் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இன்று ஒரு தோட்டம், நாளை வேறொன்று என்று போகிறவள் 80 நாளை எந்தப் பதிவேட்டில் காட்டுவாள்? தமிழ்நாட்டில் குடியிருக்கும் ஏழைத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து 18,000 ரூபாய். நல்ல உதவிதான். ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது.

வேறு வழியின்றி வேலைக்குத் திரும்பும் தாய், கிளம்புமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைக்கலாம். சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம் கெடாது. குளிர்பெட்டி இருந்தால் இன்னும் அதிகம் தாங்கும். புட்டி வேண்டாம், பாலாடையே போதும். வீடு திரும்பியதும் மருந்தடித்த காட்டுத் துணியை மாற்றி, குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்க வேண்டும். இரவில் கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் பகலில் குறைந்த சுரப்பு ஓரளவு ஈடுகட்டும். அவள் இரவில் பால் கொடுத்துவிட்டு விடியுமுன் மறுபடி ஜீப் ஏற வேண்டியவள் என்பதால், அடுப்பு வேலையை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.